விதாத் வீட்டுக் கொடியில் என் துணி

சிரியாவில் சண்டை எங்கள் தெருவை எட்டியபோது, பக்கத்து வீட்டு விதாத் ஜெர்மனியிலிருக்கும் மகனிடம் கிளம்பினாள். சாவியை என் கையில் திணித்து, "வீட்ட விட்டுடாதடி நஜ்லா" என்று அழுதாள்.

சண்டை ஓய்ந்தபின் ஆளில்லாத வீடுகளைக் கணக்கெடுக்க அரசுக் குழு வந்தது. வீடுவீடாக மூன்று தடவை தட்டுவார்கள். ஆள் இல்லையென்றால் கதவில் சிவப்புப் பெயின்ட். அப்புறம் அந்த வீடு அரசின் பொறுப்பு. பொறுப்பாம்! மூலை வீட்டையும் அப்படித்தான் எடுத்தார்கள். இப்போது அதில் எவனோ ஒரு அதிகாரியின் மச்சான் குடியிருக்கிறான்.

விடுவேனா நான்? விடிந்ததும் விதாத் வீட்டுக்குப் போய்விடுவேன். என் துணி அவள் கொடியில் காயும். பருப்பு சூப் கொதிப்பது அவள் அடுப்பில். ரொட்டிக்காரனிடம் பையைக்கூட அவள் கதவில்தான் மாட்டச் சொன்னேன். என் வீட்டுக்குத் தூங்க மட்டும் போவேன்.

செவ்வாய்க்கிழமை காலை விதாத் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். பட்டியலோடு ஒரு இளைஞன். பின்னால் பெயின்ட் டப்பாவோடு இன்னொருவன்.

"விதாத்ங்கறது நீங்கதானே சின்னம்மா?"

"பின்ன, அவ ஆவியா நிக்குது?"

சிரித்தான். உட்கார்ந்து ஏலக்காய் காப்பி குடித்தான். விதாத் பெயருக்கு நேரே டிக் போட்டான். அப்பாடா என்றிருந்தது.

"பக்கத்து வீட்டு நஜ்லா எங்க?"

"கடைக்குப் போயிருப்பா தம்பி."

"போன வாரமும் கடைதானா? ரெண்டு தடவ தட்டிட்டோம். இன்னிக்கு மூணாவது."

இங்கே பின்கட்டில் சமைத்துக்கொண்டிருந்தால், என் வீட்டுக் கதவைத் தட்டுவது கேட்காது. மடச்சி, அது எனக்குத் தோன்றவே இல்லை.

அவன் கோப்பையை மெல்லக் கீழே வைத்தான். எல்லாம் தெரிந்துதான் வந்திருக்கிறான்.

"நீங்க விதாத்னா அட்டையெல்லாம் வேணாம் சின்னம்மா, நம்பிக்கிறேன். நஜ்லான்னா அடையாள அட்டையக் காட்டுங்க. எந்த வீட்டுக்குப் பெயின்ட்டுன்னு நீங்களே சொல்லிடுங்க."

பெயின்ட் டப்பாக்காரன் மூடியைத் திறந்தான்.

அட்டையை எடுத்து நீட்டினேன். அந்த நிமிடம் என்னை எனக்கே பிடிக்கவில்லை. அவன் விதாத் பெயருக்குப் போட்ட டிக்கை அழித்துவிட்டுச் சாவிக்குக் கை நீட்டினான். கொடியில் கிடந்த துணியை எடுத்துக்கொள்ள மட்டும் விட்டான். ஈரத்தோடு வாரிக்கொண்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை விதாத் போன் செய்தாள்.

"மல்லிகைக்குத் தண்ணி ஊத்துறியாடி?"

சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ கட்டிலை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஊத்துறேன்" என்றேன்.