மஞ்சள் பூசிய வண்டி

எமில் ராடமாக்கரின் பந்தய வண்டிக்கு யாரோ ராத்திரியோடு ராத்திரியாக மஞ்சள் பெயின்ட் அடித்துவிட்டுப் போயிருந்தார்கள். மூக்கிலிருந்து வால்வரை ஒரு இடம் பாக்கியில்லை. நம் பக்கத்தில் மஞ்சள் பூசினால் மங்கலம். அயோவா மாகாணத்து டன்பரியில், ஜெர்மனியோடு போர் நடந்துகொண்டிருந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினெட்டாம் வருஷம், ஒருவன் வீட்டுக் கதவில் மஞ்சள் பூசினால் 'இவன் துரோகி, ஜெர்மன்காரனின் ஆள்' என்று அர்த்தம். எமிலின் அப்பா ஜெர்மனியிலிருந்து கப்பலேறி வந்தவர். எமில் பிறந்ததே டன்பரியில்தான். அதையெல்லாம் யார் கேட்டார்கள்?

எமில் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தான். "போதும் ஹுல்தா. வீட்டுக்குப் போயிடலாம். இந்த வண்டியோட போய் நின்னா ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும். பல்லு இருக்கறவங்க சிரிக்கறாங்க," என்றாள் அவன் மனைவி ஹுல்தா. "வண்டி ஓடுதா இல்லையா, அதை மட்டும் பாரு."

ஹுல்தாவுக்கு இந்தப் பந்தயம் வேண்டும். ஜூலை நாலாம் தேதி செஞ்சிலுவைச் சங்கத்துக்காக நடக்கிற பந்தயம் அது. ஜெயித்த வண்டிதான் ஊரின் போர்க்கொடியைப் பிடித்துக்கொண்டு மைதானத்தை ஒரு சுற்று வரவேண்டும் என்று வழக்கம் வைத்திருந்தார்கள். வெள்ளைத் துணி, சிவப்புக் கரை, போருக்குப் போன ஒவ்வொரு பையனுக்கும் ஒரு நீல நட்சத்திரம். ஹுல்தாவின் தம்பி கோன்ராட் வோக்ட் பிரான்சில் பதுங்குகுழிக்குள் கிடக்கிறான். அவனுக்கு மட்டும் நட்சத்திரம் இல்லை. கொடி தைக்கும் மாதர் குழுவின் தலைவி லவீனியா பர்விஸ் அம்மாளிடம் ஹுல்தா மூன்று தடவை போய்க் கேட்டாள். "வோக்ட்டுங்கற பேரு இப்ப வேண்டாம்மா, நல்லாயிருக்காது" என்று அந்த அம்மாள் மூன்று தடவையும் கதவைச் சாத்தினாள்.

நட்சத்திரத்தில் பேரா எழுதியிருக்கிறது?

மைதானத்துக்குள் மஞ்சள் வண்டி நுழைந்ததுமே சீட்டியும் கூச்சலும் கிளம்பின. லவீனியா அம்மாளின் மகன் கிளைடு பர்விஸ் தன் பளபளக்கும் சிவப்பு வண்டியில் சாய்ந்துகொண்டு நின்றான். ஊரில் கார் விற்கிறவன், பணக்காரன், வாய்க்கொழுப்புக்கும் குறைவில்லாதவன்.

"என்னய்யா எமில், கல்யாண வண்டியா? மாப்பிள்ளை யாரு, ஜெர்மன் ராஜா கைசரா?"

"சாயந்திரம் உனக்குப் பந்தி போடறேன், இருந்து சாப்பிட்டுட்டுப் போ," என்றாள் ஹுல்தா.

நடுவர் ஏமஸ் டட்டில் வேர்த்து வடிய ஓடிவந்தார். ஹுல்தா தலையில் தோல்தொப்பியும் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு எமிலின் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து அவருக்கு மூச்சே நின்றுவிட்டது. அந்த இருக்கை கூடச் செல்லும் மெக்கானிக்குடையது. எண்ணெய்ப் பம்பைக் கையால் அடிப்பது, பின்னால் வருகிறவனைப் பார்ப்பது, டயர் தேய்வதைக் கவனிப்பது எல்லாம் அவன் வேலை. போன வருஷம்வரை அதில் கோன்ராட்தான் உட்கார்ந்தான்.

"பொம்பளை உட்காரக் கூடாதும்மா. இறங்கு."

"ஆம்பளைங்களையெல்லாம் பட்டாளத்துக்கு அனுப்பிட்டீங்க. நான் யாரைக் கூட்டிட்டு வர்றது? அதோ, கிளைடு பக்கத்துல யாரு உட்கார்ந்திருக்கா?"

டட்டில் திரும்பிப் பார்த்தார். கிளைடின் மெக்கானிக்கையும் பட்டாளம் கொண்டுபோயிருந்தது. எடை சரியாக இருக்கட்டும் என்று அவன் அந்த இருக்கையில் ஒரு மணல் மூட்டையைக் கட்டிவைத்திருந்தான்.

"அது மணல் மூட்டைம்மா," என்றார் டட்டில், பாவம்.

"மணல் மூட்டை உட்காரலாம், நான் உட்காரக் கூடாதா? அது டயரைப் பாக்குமா, எண்ணெய் அடிக்குமா?"

பக்கத்தில் நின்றவர்கள் குபீரென்று சிரித்தார்கள். டட்டில் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "என்னவோ பண்ணித் தொலைங்க" என்று பந்தயம் தொடங்கி வைக்கும் கொடியை எடுக்கப் போய்விட்டார்.

ஐந்து வண்டிகள் கிளம்பின. குதிரை ஓட்டுகிற மண்பாதை அது. முதல் திருப்பத்திலேயே புழுதி எழுந்து யாருக்கும் யாரும் தெரியவில்லை. இன்ஜின் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவன் கத்தினாலும் கேட்காது. அதனால் ஹுல்தாவும் எமிலும் தொட்டுத்தான் பேசிக்கொள்ள வேண்டும். முழங்காலில் தட்டினால் போ, அழுத்திப் பிடித்தால் பொறு. ஒரு கை பம்பில், ஒரு கை அவன் முழங்காலில் என்று ஹுல்தா உட்கார்ந்திருந்தாள். தோள் கழன்றுவிடும்போல வலித்தது. வாயெல்லாம் மண்ணும், இன்ஜினுக்கு ஊற்றிய விளக்கெண்ணெயின் புகையும்.

ஒரு வண்டி சூடேறி நின்றது. இன்னொன்று சக்கரம் கழன்று ஓரம் ஒதுங்கியது. மூன்றாவது எங்கோ பின்னால் இருமிக்கொண்டு வந்தது. பாதிக்கு மேல் முடிந்தபோது கிளைடு முன்னால், எமில் அவன் வாலைப் பிடித்துக்கொண்டு. ஆனால் தாண்ட முடியவில்லை. சும்மா சொல்லக்கூடாது, கிளைடு நன்றாகவே ஓட்டினான்.

அப்போதுதான் ஹுல்தா பார்த்தாள். கிளைடின் வலதுபக்கப் பின்டயரில் ரப்பர் தேய்ந்து உள்ளிருக்கும் வெள்ளைத் துணி எட்டிப் பார்த்தது. திருப்பத்துக்குத் திருப்பம் அந்த வெள்ளைக் கோடு அகலமாகிக்கொண்டே வந்தது. பக்கத்தில் மெக்கானிக் இருந்தால் அவன் பார்த்திருப்பான், கிளைடின் தோளைக் குத்தியிருப்பான். மணல் மூட்டை என்ன செய்யும்?

ஒரு முழுச் சுற்று ஹுல்தா பேசாமல் இருந்தாள். உண்மையைச் சொல்லிவிட வேண்டும்: வெடிக்கட்டும் என்றுதான் நினைத்தாள். வெடிக்கட்டும், வேலியில் போய் முட்டட்டும், அவன் அம்மா பார்க்கட்டும். பிறகு அந்த அம்மாள் கூட்டத்தில் வெள்ளைத் தொப்பியோடு எட்டி எட்டி மகனைத் தேடுவது கண்ணில் பட்டது. ஹுல்தாவுக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது. தூ, இது ஒரு ஜெயிப்பா?

எமிலின் முழங்காலில் ஓங்கித் தட்டினாள். அவன் மிதித்தான். மக்கள் உட்கார்ந்திருந்த மேடைக்கு நேரே இரண்டு வண்டியும் பக்கம் பக்கமாக வந்தன. ஹுல்தா பாதி எழுந்து நின்று கிளைடின் பின்டயரைக் காட்டிக் காட்டிக் கையை ஆட்டினாள். "டயர்! டயரைப் பாருடா, மடையா!"

அவன் என்ன நினைத்தானோ! பழிப்புக் காட்டுகிறாள் என்றே நினைத்திருப்பான். பல்லைக் காட்டிச் சிரித்துவிட்டு வேகத்தைக் கூட்டினான். மேடையில் இருந்தவர்கள் அப்படி நினைக்கவில்லை. அவள் விரல் எங்கே காட்டியது என்று பார்த்தார்கள், சக்கரத்தில் வெளுத்திருந்ததையும் பார்த்தார்கள். கூட்டம் முழுக்க எழுந்து நின்று "நிறுத்து! நிறுத்து!" என்று கத்தியது.

ஹுல்தா எமிலின் முழங்காலை அழுத்திப் பிடித்தாள். அவன் பின்வாங்கினான். அடுத்த திருப்பத்தில் டயர் வெடித்தது. சிவப்பு வண்டி பக்கவாட்டில் சறுக்கி, வேலியைப் பிய்த்துக்கொண்டு சோளக்காட்டுக்குள் போய் நின்றது. கிளைடு எழுந்து நின்று கையை ஆட்டினான். எலும்பு ஒன்றும் முறியவில்லை.

"போடா என் ராஜா!" என்று ஹுல்தா தட்டினாள். முழங்காலில் இல்லை, முதுகில். மஞ்சள் வண்டி தன்னந்தனியாகக் கோட்டைத் தாண்டியது.

காலையில் சீட்டியடித்த அதே கூட்டம் இப்போது தொப்பியை மேலே எறிந்தது. லவீனியா அம்மாள் மகனுக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகு, வெளுத்த முகத்தோடு கொடியை எடுத்துக்கொண்டு வந்தாள். எமில் கையை நீட்டினான். ஹுல்தா அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"இந்தக் கொடி வேண்டாம்மா."

"என்னது?"

"ஒரு நட்சத்திரம் குறையுது. அதைத் தைச்சுக் குடுங்க, வாங்கிக்கறேன். இல்லைன்னா நீங்களே தூக்கிட்டு நடங்க."

லவீனியா அம்மாள் டட்டிலைப் பார்த்தாள். டட்டில் தன் பூட்ஸைப் பார்த்தார். "இதெல்லாம் குழு கூடித்தான் முடிவு..." என்று அந்த அம்மாள் ஆரம்பித்தாள்.

"அம்மா, தைங்க." கிளைடு நொண்டிக்கொண்டே வந்து நின்றான். முகமெல்லாம் மண். "அவ என்னை எச்சரிச்சா. நான்தான் திமிர்ல கேக்கலை. கோன்ராட் பட்டாளத்துல இருக்கான். நான் இங்க கார் வித்துட்டு இருக்கேன். தைங்கம்மா."

"தைங்கம்மா!" என்று மேடையிலிருந்து ஒரு விவசாயி கத்தினார். "ஒரு நட்சத்திரத்துக்கா ஊர்ல பஞ்சம்?" அவ்வளவுதான், கூட்டம் முழுக்க "தைங்க! தைங்க!" என்று மேடைப் பலகையை உதைக்க ஆரம்பித்தது.

செஞ்சிலுவைக் கொட்டகையிலிருந்து பெண்கள் நீலத்துணியும் ஊசியும் நூலுமாக ஓடிவந்தார்கள். உட்கார இடம்? ஹுல்தா இறங்கித் தன் இருக்கையைக் காட்டினாள். லவீனியா பர்விஸ் அம்மாள் ஒரு நிமிஷம் தயங்கினாள். பிறகு வெள்ளைப் பட்டுப் பாவாடையோடு மஞ்சள் வண்டியில் ஏறி உட்கார்ந்து, கொடியை மடியில் விரித்து, ஊர் பார்க்கத் தைத்தாள். பெயின்ட் இன்னும் சரியாகக் காயவில்லை. அவள் எழுந்தபோது பாவாடையின் பின்பக்கம் முழுக்க மஞ்சள். யாரும் சிரிக்கவில்லை, ஹுல்தாவும் சிரிக்கவில்லை.

அந்த அம்மாள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "உன் தம்பி பேரைச் சத்தமா சொல்லும்மா. டட்டில் அறிவிக்கட்டும்," என்றாள் மெல்ல.

டட்டில் அறிவிப்புச் சொல்கிற தகரக் குழாயை ஹுல்தா அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். கொடியை ஒரு கையில் உயர்த்தி, ஓடத் தொடங்கிய வண்டியில் எழுந்து நின்று, தொண்டை கிழியக் கத்தினாள்.

"கோன்ராட் வோக்ட்! டன்பரிக்காரன்!"

மேடையில் ஒருவர் பாக்கியில்லாமல் தொப்பியைக் கழற்றினார்கள்.