புழு என்று பறித்த பூ

கிட்டே வாருங்கள், கண்மணிகளா. பின்னால் இருப்பவர்களும் நெருங்கி உட்காருங்கள். என் தொண்டைக்கு முன்போல் வலு இல்லை. கொஞ்சம் சிரிக்கவும் கொஞ்சம் நெஞ்சைப் பிடித்துக்கொள்ளவும் ஒரு கதை வைத்திருக்கிறேன்.

ஒரு மலைச்சரிவு. அங்கே எல்லோரும் உருளைக்கிழங்குக்காரர்கள். பெருமழை வந்தால் மண்ணும் கிழங்கும் சேர்ந்தே ஓடைக்குப் போய்விடும். அதனால் வீட்டுக்கு ஓர் ஆணாவது கீழே செங்கல் சூளையில் கிடந்தான். அந்த ஊரில் ஒருத்தி இருந்தாள். பேச்சும் நடையும் வெடிதான் என்பதால் எல்லோருக்கும் அவள் பட்டாசு.

"கிழங்கை விடுங்க, வால்நட் நடுவோம். வேரு மண்ணைப் பிடிச்சுக்கும். எல்லாரும் சேர்ந்து சங்கம் வைப்போம். நாமளே உடைச்சு நாமளே விப்போம்" என்று வீடு வீடாகப் பேசிக் கரைத்தவள் அவள்தான்.

மரங்கள் வளர்ந்து பூக்கும் வயதும் வந்தது. அந்த ஆண்டு காய்த்தால் பருப்பு உடைக்கும் கூடம் திறக்கும். பட்டாசின் புருஷனும் மற்றவர்களும் சூளையை விட்டு வரலாம். காய்க்காவிட்டால் மரங்களை வெட்டிவிட்டு மறுபடியும் கிழங்குதான் என்று ஊர்க்கூட்டத்தில் முடிவாகியிருந்தது.

பனி உருகிய ஒரு காலையில், கிளையெங்கும் விரல் நீளத்துக்குப் பச்சையாக ஏதோ தொங்கியது. செடியில் புழு பொறுக்கியே வளர்ந்தவர்களுக்கு வேறென்ன தோன்றும்?

"ஐயோ, புழு வந்துருச்சுடி!"

பட்டாசு போட்ட கூச்சலில் பெண்கள் ஏணியோடு ஓடிவந்தார்கள்.

"இது அசையவே இல்லையேடி?" என்றாள் ஒருத்தி.

"நம்மளப் பார்த்து பயந்து செத்திருக்கும். பறி!"

மதியத்துக்குள் ஒன்றுவிடாமல் பறித்துக் குழியில் போட்டு மூடியாயிற்று.

மறுநாள் மோட்டார் சைக்கிளில் வந்தார் மரக்காரர். சங்கத்துக்கு மர வளர்ப்பு சொல்லித்தருபவர். கிளைகளைப் பார்த்தவர் அப்படியே தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"தங்கச்சி, அது புழு இல்ல. ஆண்பூ. அதோட தூள் பறந்து வந்து பெண்பூவுல விழுந்தாத்தான் காய்."

பட்டாசு நமுத்துப்போனாள். "இதை முன்னாடியே சொல்லக் கூடாதா அண்ணே?"

"பூவைப் புழுன்னு பறிப்பீங்கன்னு நான் கனவா கண்டேன்?"

பெண்பூக்கள் இன்னும் விரியவில்லை. அவை விரியும்போது தூளுக்கு எங்கே போவது? ஆடு மேய்க்கும் பட்டாசின் நாத்தனார்தான் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"அண்ணி, கணவாய்க்கு மேல காட்டு வால்நட் கொஞ்சம் நிக்குதே. அங்க குளிரு ஜாஸ்தி. இந்தப் பச்சை வாலெல்லாம் இப்பத்தான் எட்டிப் பாக்குது. உன் கண்ணுல படல, தப்பிச்சுது."

மரக்காரர் துள்ளி எழுந்தார். "அது போதும்மா!"

அங்கே ஆண்பூ வெடிக்கிற பருவத்துக்குக் காத்திருந்து, பெண்கள் கூடைகளோடு ஏறினார்கள். பறித்ததைப் பட்டாசின் வீட்டு அறையில் செய்தித்தாள் விரித்துப் பரப்பி, ஜன்னலை அடைத்தார்கள். தும்மல் வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு தெருவுக்கு ஓடினார்கள். காகிதத்தில் மஞ்சள் தூள் உதிர்ந்து கிடந்தது. அதை மெல்லிய துணியில் முடிந்து, நீளக் கழிகளின் நுனியில் கட்டி, கீழே விரிந்திருந்த பெண்பூக்களின்மேல் தட்டித் தட்டித் தூவினார்கள்.

எதிர்ச்சரிவிலிருந்து ஒருத்தி கத்தினாள். "என்னடி, மரத்துக்குப் பவுடர் போடுறீங்க? கல்யாணமா?"

"ஆமா, மாப்பிள்ளை கணவாயிலிருந்து வந்திருக்காரு! வாழ்த்திட்டுப் போ!"

வாய் அப்படிச் சொன்னதே தவிர, பட்டாசுக்குச் சோறு இறங்கவில்லை. ஊரையே கூட்டிவைத்துத் தன் கையாலேயே கெடுத்துவிட்டோமோ என்று தினமும் மரம் மரமாக அண்ணாந்து பார்த்தாள். ஒரு நாள் நாத்தனார் ஆடுகளை விட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"அண்ணி! மேல் கொல்லைக்கு வா! பட்டாணி பட்டாணியா பிடிச்சிருக்கு!"

பட்டாசு ஓடிப்போய்ப் பார்த்தாள். அந்தக் கொல்லையில் மட்டுமா? தூள் விழுந்த மரமெல்லாம் பிஞ்சு. அவள் அழுத அழுகையில் ஆடுகள் மிரண்டன.

இலை பழுக்கும் காலத்தில் தோல் வெடித்துக் காய்கள் தகரக் கூரைகளில் தடதடவென்று விழுந்தன. கூடம் திறந்தது. நீள மேசைகளில் சுத்தியல்கள் சடசடத்தன. மூளைபோல் சுருங்கிய பருப்புகள் தட்டுத் தட்டாக நிறைந்தன. வாசலில் பெட்டியோடு அவள் புருஷன் வந்து நின்றான்.

"சூளையில சொல்லிட்டு வந்தீங்களா?"

"சொல்லிட்டேன், இனி வரமாட்டேன்னு."

"அப்ப ஏன் நிக்கறீங்க? உக்காருங்க. விரலைப் பார்த்து அடிங்க."

கூடமே கொல்லென்று சிரித்தது. அவன் சுத்தியலைக் கையில் எடுத்தான்.

உங்கள் வீட்டிலிருந்து பிழைப்புத் தேடிப் போனவர் யாராயிருந்தாலும் சுகமாகத் திரும்பி வரட்டும், கண்மணிகளா. உலை கொதிக்கட்டும், தொட்டில் ஆடட்டும், சிரிப்புச் சத்தம் தெருமுனைவரை கேட்கட்டும். நன்றாக இருங்கள்.