நிறம் இல்லை

என் கணவருக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுப் பதினான்கு மாதம் ஆகிறது. ஒருநாள் விட்டு ஒருநாள், எங்கள் படுக்கையறையில் நிற்கும் டயாலிசிஸ் இயந்திரம் நான்கு மணி நேரம் அவர் ரத்தத்தைக் கழுவித் தருகிறது. கழுவுவதற்கு வேண்டியது நல்ல தண்ணீர். அந்தத் தண்ணீரைக் கவனிப்பது என் வேலை. பயப்படுவதும் என் வேலைதான்; அதில் யாரும் பங்கு கேட்டதில்லை.

வடிகட்டி வாங்கப் போனபோது கடைக்காரர் நீல விளக்கு எரியும் ஒன்றைக் காட்டி, இதைப் பூட்டினால் ஆயுசுக்கும் கவலையில்லை என்றார். ஆயுசைப் பற்றி இப்படி வாய்கூசாமல் பேசுகிறவரிடம் எதுவும் வாங்கக்கூடாது என்று எழுந்து வந்துவிட்டேன். பிறகு டயாலிசிஸ் நர்ஸ் எழுதிக்கொடுத்தபடியே எல்லாம் பூட்டினோம். முதலில் கடின நீரை மென்மையாக்கும் தொட்டி, அடுத்து கரி நிரப்பிய இரண்டு உருளைகள், கடைசியில் ஆர்.ஓ. வடிகட்டி. அந்தத் தொட்டிக்கு மாதம் ஒரு மூட்டை உப்பு கொட்ட வேண்டும். அவருக்கோ சாப்பாட்டில் ஒரு சிட்டிகைகூடக் கிடையாது. இந்த வீட்டில் எனக்கில்லாத மரியாதை அந்தத் தொட்டிக்கு என்பார், ஒவ்வொரு மூட்டைக்கும் தவறாமல்.

உப்பு தீர்ந்தால் இயந்திரம் கெடும். கரி தீர்ந்தால் ஆளுக்கே ஆபத்து. குழாய்த் தண்ணீரில் கிருமிக்காகப் போடும் குளோரினைக் கரிதான் பிடித்து வைக்கிறது. அது தப்பி வந்தால் ரத்த அணுக்கள் உடைந்துபோகும். அதனால் ஒவ்வொரு முறையும் ஊசி குத்தும் முன், கரியைத் தாண்டி வரும் தண்ணீரைச் சின்னக் கண்ணாடிக் குப்பியில் பிடித்து, ஒரு மாத்திரை போட்டுக் குலுக்கி, இரண்டு நிமிடம் பார்க்க வேண்டும். ரோஸ் நிறம் வந்தால் இயந்திரத்தைத் தொடக்கூடாது. வராவிட்டால் நோட்டில் 'நிறம் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

அன்று காலை ரோஸ் வந்தது. வந்தது மாதிரி இருந்தது என்று சொல்வதுதான் சரி, ஏனென்றால் என் கண்ணை நானே நம்புவதில்லை. முன்பு மூன்று முறை ரோஸ், ரோஸ் என்று ஊரைக் கூட்டியிருக்கிறேன். ஒருமுறை அது நான் போட்டிருந்த சிவப்பு உடுப்பின் சாயல். இன்னொரு முறை குப்பியைச் சரியாகக் கழுவவில்லை. மூன்றாவது முறை ஒன்றுமே இல்லை, வெறும் பயம். அதிலிருந்து வீட்டில் எனக்கு 'அபாயச் சங்கு' என்று பெயர்.

குப்பியை வெள்ளைத் தாளின் மேல் வைத்து அவரிடம் நீட்டினேன். முந்தைய டயாலிசிஸ் மின்சாரம் போய்ப் பாதியில் நின்றிருந்தது. கால் இரண்டும் வீங்கி, அழுத்தினால் குழி விழுந்தது. இரண்டு வார்த்தை பேசுவதற்குள் மூச்சு வாங்கியது. இன்றும் தள்ளிப்போட்டால் தாங்கமாட்டார்.

அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து நிதானமாகப் பார்த்தார்.

"ஒண்ணுமே இல்ல. மாட்டு."

"லேசா ரோஸா இல்ல?"

"சங்கு ஊதாத. எனக்கு மூச்சு முட்டுது."

ஊசியைக் கையில் எடுத்துவிட்டேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது. பதினான்கு மாதம் பயந்து பயந்து, அந்த நேரத்தில் பயப்படவே சலிப்பாக இருந்தது. அவர் அவ்வளவு உறுதியாகச் சொல்லும்போது, எனக்குத்தான் புத்தி பேதலித்துவிட்டதோ என்று தோன்றியது. வேலைக்குக் கிளம்பிய மகள் சாவியைத் தேடி அறைக்குள் வந்தாள். அவளிடம் நான் எதுவும் கேட்கவில்லை. மேசையைத் துழாவிக்கொண்டே அவளாகச் சொன்னாள்.

"என்னம்மா, தண்ணி ரோஸா இருக்கு?"

என் கை அப்படியே நின்றது. அவர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், குப்பியை மறுபடி எடுத்தார்.

"எங்க?" என்றார்.

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. நாங்கள் இருவரும் பார்த்ததை அவர் குப்பிக்குள் தேடிக்கொண்டிருந்தார்.

எனக்குத் தக்காளி ஞாபகம் வந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவர் வாங்கிவரும் தக்காளியில் பாதி காய்தான். சோம்பேறித்தனம், வீட்டு மேல் அக்கறையில்லை என்று முப்பது வருஷம் வறுத்தெடுத்திருக்கிறேன்.

"உங்களுக்குச் சிவப்பு தெரியாதா?"

அடர்த்தியாக இருந்தால் தெரியும் என்றார் மெதுவாக. தக்காளியை அமுக்கிப் பார்த்துத்தான் எடுப்பாராம். எல்லாரும் அப்படித்தான் என்று சின்ன வயதில் நினைத்தாராம். இல்லை என்று தெரிந்தபோது வெளியே சொல்லக் கூச்சமாகிவிட்டதாம். நர்ஸ் சோதனையைக் கற்றுக்கொடுத்த அன்று காட்டியது பீட்ரூட் மாதிரி இருந்ததால், இது நமக்குத் தெரியும் என்று நம்பிவிட்டாராம்.

ஊசியை மூடி வைத்துவிட்டு நர்ஸை அழைத்தேன். குழாய் வேலைக்காக இந்த வாரம் தண்ணீரில் குளோரினைக் கூட்டியிருக்கிறார்கள், இயந்திரத்தைத் தொடாதீர்கள், உடனே மருத்துவமனைக்குக் கூட்டி வாருங்கள், இங்கேயே செய்துவிடலாம் என்றார். மகள் வண்டியை எடுக்க ஓடினாள்.

நோட்டைப் பையில் வைக்கப் போனபோதுதான் அது உறைத்தது. நான்கு மாதம் முன்பு என் தங்கைக்கு அறுவை சிகிச்சை. பத்து நாள் அவளோடு இருந்தேன். அந்த நாட்களில் சோதனையை இவரே செய்தார். நான் திரும்பி வந்தபோது முகம் வெளுத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. நோட்டில் தண்ணீர் சரியாக இருந்ததால் டாக்டருக்கே காரணம் பிடிபடவில்லை. அந்த வாரம் கெடு முடிந்து கரியை மாற்றினார்கள். பிறகு நான் பார்த்தபோதெல்லாம் நிறமே இல்லை. இவரை விட்டுப் போனதால்தான் இப்படி ஆயிற்று என்று அன்றிலிருந்து மனசுக்குள் புழுங்கிக்கொண்டிருந்தேன். தங்கை வீட்டுப் பக்கம் அப்புறம் போகவே இல்லை.

அந்தப் பக்கத்தைப் புரட்டினேன். ஐந்து வரி. ஐந்திலும் அவருடைய முத்து முத்தான கையெழுத்தில் 'நிறம் இல்லை'.

"நல்லா பாத்துதான் எழுதினேன்," என்றார். "ஒவ்வொரு தடவையும் ரெண்டு நிமிஷத்துக்கு மேலயே பாத்தேன்."

தெரியும் என்றேன். கோபம் கோபமாக வந்தது, பாதி என் மேலேயே. முப்பது வருஷத்தில் ஒருநாளாவது திட்டாமல் ஏன் என்று கேட்டிருக்கலாம்.

வாசலில் வண்டி வந்து நின்றது. குனிந்து அவருக்குச் செருப்பை மாட்டிவிட்டேன். என் தோளைப் பிடித்து எழுந்தவர் கேட்டார்.

"டாக்டர்கிட்ட அந்தப் பக்கத்தக் காட்டணுமா?"

"காட்டணும்."

மூச்சு வாங்கியபடியே என் கையிலிருந்த நோட்டை வாங்கிக்கொண்டார்.

"நானே காட்டறேன்," என்றார்.