மெஷின் வாயில் பஞ்சு

நாளைக் காலை என் நெஞ்சின் இடது பக்கத்தில் சின்னச் சின்னத் துளைகள் போட்டு ஒரு நரம்பை வெட்டப் போகிறார்கள். ஆனால் இந்த ராத்திரியில் என்னைப் பயமுறுத்துவது கத்தி இல்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கும் மெஷின்தான்.

மெதுவாகத்தான் சொல்ல வேண்டும். அப்பா நாற்காலியில் இப்போதுதான் மறுபடி கண்ணயர்ந்தார்.

ஒவ்வொரு முறை துடித்த பிறகும், அடுத்த துடிப்புக்குத் தயாராக என் இதயம் மற்றவர்களுடையதைவிடக் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொள்ளும். பிறவியிலேயே அப்படி. அக்காவுக்கும் இருந்திருக்கிறது, அவள் இருந்தவரை யாருக்கும் தெரியாது. அப்பாவுக்கு பேக்கரியில் இரவு வேலை. பரீட்சைக்கு அவளை எழுப்ப விடியற்காலையில் அங்கிருந்து போன் அடித்தார். அவள் தலைமாட்டில் அது அலறியது. அவள் எடுக்கவில்லை. "கழுதை, இழுத்துப் போத்திட்டுத் தூங்குது" என்று கூட வேலை செய்பவரிடம் சிரித்துக்கொண்டே மறுபடி அடித்தாராம். மறுபடியும் அடித்தாராம்.

அதற்குப் பிறகுதான் என்னைப் பரிசோதித்தார்கள். எனக்கும் அதேதான். திடீரென்று ஒரு சத்தம் கேட்டால் போதும், இதயம் தாறுமாறாகத் துடித்து நின்றுவிடலாம்.

அன்றே அப்பா வாசல் மணியின் ஒயரைப் பிடுங்கினார். அலாரக் கடிகாரம் குப்பைக்குப் போனது. கதவு இடுக்குகளில் பழைய துணி ஏறியது. எங்கள் வீட்டில் யாரும் ஓர் அறைக்குள் சும்மா நுழையக் கூடாது, முதலில் மெல்ல இரும வேண்டும். "இந்த வீட்டுக்குத் திருட வர்றவன்கூட இருமிட்டுத்தான் வரணும் போல" என்பார் சித்தப்பா. அவரும் இருமிவிட்டுத்தான் வருவார்.

மாத்திரை தவறாமல் சாப்பிட்டும், போன மாதம் பள்ளிக்கூடத்தில் காற்றுக்குக் கதவு அறைந்த சத்தத்தில் மயங்கி விழுந்துவிட்டேன். அதனால்தான் இந்த ஆபரேஷன்.

"இதயம் தானாவே துடிக்கும்மா" என்றார் டாக்டர். "ஆனா அத விரட்ட ஒரு நரம்பு, அடக்க ஒரு நரம்பு. திடுக்குன்னு ஆனா விரட்டுற நரம்பு வேலையக் காட்டும். உன் இதயத்தால அந்த விரட்டலத் தாங்க முடியல. இடது பக்கமா வர்றத மட்டும் வெட்டிடறோம்."

"அப்புறம் எனக்குப் பயமே வராதா?"

"பயம் தலையில இருக்கு. அது வரும். இதயத்துக்குப் போற சேதிதான் குறையும். இடது கை மட்டும் வேர்க்காது."

"பரவால்ல, பரீட்சைப் பேப்பர் நனையாது" என்றார் சித்தப்பா.

"நான் வலது கையால எழுதறேன் சித்தப்பா."

"அப்ப ஒரு பிரயோஜனமும் இல்லாத ஆபரேஷன்தான்."

அப்பா மட்டும் சிரிக்கவில்லை. "இனிமே சத்தத்தால ஒண்ணும் ஆகாதுல்ல டாக்டர்?"

"ஆபத்து குறையும். போயிடும்னு நான் சொல்ல மாட்டேன்."

இன்று சாயங்காலம் நெஞ்சில் ஒட்டியிருந்த ஒயர் ஒன்று கழன்றது. மெஷின் வீல் என்று கத்தியது. தூக்கிவாரிப்போட்டது எனக்கு, நல்லவேளை, வேறொன்றும் ஆகவில்லை. அப்பாவின் முகம்தான் பிசைந்த மைதா மாதிரி வெளுத்துவிட்டது.

"இத நிறுத்திடுங்க சிஸ்டர்" என்றார், ஓடி வந்த நர்ஸிடம்.

"நிறுத்தறதா? நான் அந்தக் கோடியில உக்காந்திருக்கேன். இது கத்தினாத்தான் எனக்குத் தெரியும். ஜோசியம் பாத்தா ஓடி வர முடியும்?"

அப்பா தலையாட்டினார். ராத்திரி முழுக்கத் தானே விழித்திருந்து திரையைப் பார்ப்பதாக என்னிடம் சொன்னார்.

சற்று முன் புரண்டு படுத்தேன். அதே ஒயர் மறுபடி கழன்றது. திரையில் கோடு நேராக ஓடியது. சிவப்பு விளக்கு மின்னியது. சத்தம் வரவில்லை. யாரும் வரவில்லை. மெஷின் கணக்கில் நான் செத்துவிட்டேன். அப்பா நாற்காலியில் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். கழுத்தில் விரலை வைத்து நாடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

ஒயரைத் திரும்ப ஒட்டிவிட்டு எட்டிப் பார்த்தேன். மெஷினுக்குப் பின்னால், சத்தம் வரும் ஓட்டைகளில் பஞ்சு அடைத்து, மேலே பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. நாலு ஓரமும் மடித்து, அப்பா ரொட்டிப் பொட்டலம் மடிப்பது போல அவ்வளவு ஒழுங்காக.

அது கத்தினால் நான் அக்கா மாதிரி போய்விடலாம். கத்தாவிட்டால், நான் போனது விடியும்வரை யாருக்கும் தெரியாமல் போகலாம். நர்ஸைக் கூப்பிட்டால் அப்பாவை வெளியே அனுப்பிவிடுவார்கள். எவ்வளவு நேரம் அந்தப் பிளாஸ்திரியையே பார்த்துக்கொண்டு கிடந்தேனோ தெரியாது.

கடைசியில் மெல்ல இருமினேன்.

அப்பா உடனே எழுந்துவிட்டார். "என்னடா? நெஞ்சு படபடங்குதா?"

"பஞ்ச எடுத்துடுங்கப்பா."

என்ன பஞ்சு என்று அவர் கேட்கவில்லை. "நான்தான் பாத்துக்கிட்டு இருக்கேனே."

"தூங்கிட்டீங்க. கோடு நேராப் போச்சு. சிவப்பா மின்னிச்சு. யாரும் வரல."

அப்பா திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அது கத்தி உனக்கு ஏதாவது ஆச்சுன்னா? அன்னிக்கும் நான்தானே போன் அடிச்சேன்."

இத்தனை நாளில் இதை அவர் வாய்விட்டுச் சொன்னதே இல்லை. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். "நீங்க விடாம அடிச்சதாலதான் நானும் அம்மாவும் எழுந்து ஓடினோம். இல்லேன்னா அவ தூங்கறான்னே நெனச்சிருப்போம்."

"ஓடி என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல."

அப்பா குனிந்து பிளாஸ்திரியை உரித்தார். அடுப்புச் சூட்டில் தழும்பேறிய அந்த விரல்கள் பஞ்சைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளி எடுத்தன. எல்லாவற்றையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நாற்காலியை இழுக்காமல், சத்தம் வராமல் தூக்கி, கட்டிலை ஒட்டிப் போட்டு உட்கார்ந்து என் இடது கையைப் பிடித்தார்.

"வேர்த்துக் கொட்டுது."

"நாளைலேர்ந்து வேர்க்காது."

அவர் மெஷினைப் பார்த்து, அதற்கு மட்டும் கேட்கிற மாதிரி முணுமுணுத்தார். "கத்தறதுன்னா மொதல்ல ஒரு தடவ இருமிட்டுக் கத்து."

சித்தப்பா சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.