சும்மாச் சரி, சம்மதச் சரி

சாப்பாட்டு மேசையைச் சுற்றி அன்று கூடியவர்கள் நால்வர். சுவரோரம், எழுந்து நழுவ வழியில்லாத நாற்காலியில் கண்ணாடிக்கடைக்காரர். நேர் எதிரே, முகம் பார்த்துக் கேள்வி கேட்க வசதியாக, அவர் மனைவி. மேசையின் தலைமாட்டில், தாளும் பேனாவுமாக மச்சான், மனைவியின் தம்பி. அவர் பேருந்து டிப்போவில் நேரம் குறிப்பவர். ஆகையால் ஓடுவது, பறப்பது எல்லாவற்றுக்கும் தானே பொறுப்பு என்ற நினைப்பு அவருக்கு. நான்காவது ஆள் மகள். அடுத்த மாதம் பிரசவம். வெளியூரில் இருந்தவளைத் தண்ணீர் ஜாடியில் சாய்த்து வைத்த போனுக்குள் உட்கார்த்தியிருந்தார்கள். போன் அடிக்கடி சரிந்ததால் பாதி நேரம் அவளுக்கு மின்விசிறிதான் தெரிந்தது.

பிரசவத்துக்கு அம்மா போவதற்காக எடுத்த டிக்கெட்டில்தான் தகராறு. விமானத்தை நிறுவனமே ரத்து செய்துவிட்டது. அந்த ஊருக்குப் பறப்பதையே விட்டுவிட்டது. பணம் திரும்பினால் வேறு விமானத்தில் இடம் பிடிக்கலாம். வந்ததோ கூப்பன். அதை வைத்துக்கொண்டு எந்த ஊருக்கு வேண்டுமானாலும் போகலாம், மகள் இருக்கும் ஊரைத் தவிர.

அத்தானின் மூக்குக்கண்ணாடிக் கடையிலிருந்து வந்த லென்ஸைப் பிடித்துக்கொண்டு மச்சான் பொடி எழுத்து விதிகளைப் படித்தார்.

"'நிறுவனம் ரத்து செய்தால் கட்டணம் முழுவதும் திருப்பித் தரப்படும். பயணி ரத்து செய்தால் பிடித்தம் போக மீதி.' இதுவரைக்கும் நம்ம பக்கம்தான். அடுத்த வரியிலதான் ஆப்பு வெச்சிருக்கான். 'பயணி சம்மதித்தால் பணத்துக்குப் பதிலாகக் கூப்பன்.' யாரு அத்தான் சம்மதிச்சது?"

"நான் சம்மதிக்கவே இல்ல" என்றார் கண்ணாடிக்கடைக்காரர். சத்தியமே செய்திருப்பார். ஆனால் நிறுவனம் அவர் போனில் பேசியதையே பதிவு செய்து அனுப்பியிருந்தது. மச்சான் தன் போனில் அதை ஓடவிட்டார். முதலில் ஒரு பெண் குரல் கேட்டது.

"சார், உங்க விமானம் ரத்தாயிடுச்சு."

"சரி சரி."

"பணத்துக்குப் பதிலா கூப்பனா குடுத்துடலாங்களா?"

"சரி சரி."

மச்சான் நிறுத்தினார். மனைவி நாற்காலியை இன்னும் முன்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"அது ஊங்கொட்டுறது!" என்று கண்ணாடிக்கடைக்காரர் அலறினார். கடையில் கண் பார்வையைச் சோதிக்க வருகிறவர்களிடம் "இது தெரியுதா? சரி சரி. இது? சரி சரி" என்று காலை முதல் கடை அடைக்கும்வரை சொல்லிச் சொல்லி, அந்தச் சொல் அவருக்கு மூச்சு மாதிரி ஆகிவிட்டது. கேட்டுக்கொண்டிருக்கிறேன், மேலே சொல்லுங்கள் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் கிடையாது.

"காது கேக்காதுன்னு எழுதிடலாமா?" என்றார் மச்சான்.

"கண்ணாடிக்கடைக்காரனுக்குக் காது கேக்காதுன்னா, நாளைக்குக் கண்ணும் தெரியாதும்பாங்க. கடையை இழுத்து மூட வேண்டியதுதான்."

"இவர் சரின்னதும் அந்தப் பொண்ணு நம்பிடுச்சு பாரு, பச்சைப்புள்ள!" என்றாள் மனைவி. "குழாய் சொட்டுது, ஆளைக் கூப்பிடுங்கன்னேன். சரி சரின்னார். போன மழைக்குச் சொன்னது."

சமையலறையிலிருந்து குழாய் 'டொக்' என்று சாட்சி சொன்னது.

"அக்கா, இதான் பாயிண்ட்! இவர் சரின்னா சம்மதம் இல்லன்னு எழுதிடறேன்."

"இருடா." மனைவியின் முகம் மாறியது. "என்னைக் கட்டிக்கிறீங்களான்னு எங்கப்பா கேட்டப்பவும் இவர் சரின்னுதான் சொன்னார். அது என்ன சரியாம்?"

மச்சானின் பேனா அந்தரத்தில் நின்றது.

"அப்பா, பாத்துப் பதில் சொல்லுங்க" என்றாள் மகள், மின்விசிறியைப் பார்த்தபடி.

கண்ணாடிக்கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ரெண்டு சரி இருக்கு. சும்மாச் சரி ஜோடியாத்தான் வரும், சரி சரின்னு. சம்மதச் சரி ஒத்தைதான். உங்கப்பாகிட்ட சொன்னது ஒத்தைச் சரி."

"நிஜமா?"

"உங்கப்பா முகத்தைப் பாத்துட்டு ரெண்டாவது சரிக்கு எனக்கேது தெம்பு!"

மனைவி சிரிக்காமல் இருக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"அதெல்லாம் நமக்குத் தெரியும், கம்பெனிக்காரன் நம்பணுமே" என்றார் மச்சான்.

"கடைசிவரைக்கும் போடுங்க மாமா" என்றாள் மகள். மிச்சமிருந்ததும் ஓடியது.

"வேற ஏதாவது உதவி வேணுங்களா?"

"சரி சரி."

"சார், எங்க சேவை உங்களுக்குப் பிடிச்சுதா, பிடிக்கலையா?"

"சரி சரி."

மச்சான் மேசையைத் தட்டிய தட்டலில் போன் மறுபடி சரிந்தது. "ஐயோ, சிரிக்க வைக்காதீங்க, இப்பவே பொறந்துடும்!" என்ற குரல் மட்டும் ஜாடிக்கடியிலிருந்து வந்தது.

அதன்பின் கடிதம் மளமளவென்று ஓடியது. முதலில் விமானம் ரத்தான விவரம், அடுத்து அதற்குரிய விதி, அப்புறம் உரையாடல். இறுதிப் பத்தி இப்படி முடிந்தது: "பிடித்ததா, பிடிக்கவில்லையா என்ற தங்கள் கேள்விக்கு நான் அளித்த விடை 'சரி சரி'. அதற்குத் தாங்கள் என்ன பொருள் கொள்வீர்களோ, அதே பொருளைக் கூப்பன் கேள்விக்கு நான் சொன்ன 'சரி சரி'க்கும் கொண்டு, கட்டணம் முழுவதையும் பணமாகவே விரைவில் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். என் மகளின் பிரசவம் கூப்பனுக்காகக் காத்திருக்காது."

கண்ணாடிக்கடைக்காரர் கையெழுத்திட்டார். மனைவி தாளை இழுத்து அடியில் ஒரு வரி சேர்த்தாள்: "இவர் சொல்வது உண்மை. எங்கள் வீட்டுக் குழாய் இன்னும் சொட்டுகிறது."

"பணம் வர்ற வரைக்கும் அந்தக் குழாய்ல யாரும் கை வைக்கக் கூடாது. சாட்சி" என்றார் மச்சான்.

"சரி" என்றார் கண்ணாடிக்கடைக்காரர். ஒற்றைதான். இவ்வளவு மனப்பூர்வமாக அவர் எதற்கும் சம்மதித்ததில்லை.

உறையை மனைவியே ஒட்டி, ஓரத்தை இரண்டு முறை அழுத்தித் தேய்த்தாள். தபால் நிலையத்துக்கும் கூடவே வந்தாள்.

"சாதாரணமா அனுப்பட்டுங்களா, பதிவுத் தபாலா?" என்றார் உள்ளே இருந்தவர்.

"சரி ச..." பக்கவாட்டில் ஒரு முழங்கை இடித்தது. "பதிவுத் தபால். யோசிச்சுத்தான் சொல்றேன்."

முத்திரை விழுந்தது. கடிதம் பைக்குள் போனது.