இன்று இல்லாதவை

காலையில் கடையைத் திறந்ததும் காதர் டி.வி.யைப் போட்டுவிடுவார். உள்ளூர் கேபிளில், படத்துக்கு அடியில் ஓடும் எழுத்துகளில் தன் கடையின் பெயர் வருகிறதா என்று பார்த்த பிறகுதான் நாற்காலியில் உட்காருவார். ‘பம்ப், பவர் டில்லர், ஸ்பிரேயர். எல்லா உதிரி பாகங்களும் எப்போதும் கிடைக்கும். இல்லை என்ற பேச்சே இல்லை.’ இந்தியில் ஒரு முறை, தமிழில் ஒரு முறை ஓடும்.

போர்ட் பிளேரின் அபர்தீன் பஜாரில் அது பழைய கடை. சுனாமி வந்த ஆண்டிலும் தாக்குப் பிடித்து நின்ற கடை. ஆனால் சிவப்பிரகாசம் என்பவர் ஜங்லிகாட்டில் கண்ணாடிக் கதவு வைத்த பெரிய ஷோரூமைத் திறந்த பிறகு, காதரின் கடைக்கு ஆள் வரத்து குறைந்துகொண்டே போனது. பேனர் அடித்துக் கொடுக்கும் ரவிக்குமார்தான் வழி சொன்னார். போனில் கேட்டால் எதையும் இல்லை என்று சொல்லாதீர்கள். முதலில் ஆளைக் கடைக்குள் வரவழையுங்கள். வந்தவர் வெறுங்கையோடு போக மாட்டார் என்றார். கேபிள் விளம்பரமும் அவர் எழுதிக் கொடுத்ததே.

வந்தவர் கேட்ட பொருள் இல்லாவிட்டால் சொல்வதற்கும் ஒரு பதில் தயாராக இருந்தது. கப்பல் வரவில்லை. இந்தத் தீவுகளில் அதை யாரும் எதிர்த்துக் கேட்பதில்லை. வெங்காயமானாலும் சிமெண்ட் ஆனாலும் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் காகிதமானாலும் எல்லாம் மெயின்லேண்டிலிருந்து கப்பலில்தான் வந்தாக வேண்டும். காற்றும் மழையும் சேர்ந்துகொண்டால் கப்பல் தாமதமாகும். அதனால் ஒரு கடைக்காரரின் மறதி, சோம்பல், பொய் எல்லாவற்றையும் அந்தக் கப்பலின் மேல் ஏற்றிவிடலாம்.

ஆகஸ்டில் ஒரு திங்கட்கிழமை திக்லிபூரிலிருந்து சொர்ணம்மா போன் செய்தாள். கச்சால் தீவில் ரப்பர் தோட்ட வேலையில் இருந்த குடும்பம் அவளுடையது. கடல் வீட்டை எடுத்துக்கொண்டபின் வடக்கே வந்து குத்தகைக்கு நெல் போட்டுக்கொண்டிருந்தாள். அவளும் இன்னும் நான்கு பெண்களும் சேர்ந்து வயல் உழ ஒரு பவர் டில்லர் வைத்திருந்தார்கள். நடவு நேரத்தில் அதன் கிளட்ச் பிளேட் போய்விட்டது.

“பாய், கையில இருக்கா, இல்ல இனிமேத்தான் வரணுமா? இருந்தாத்தான் நான் பஸ் ஏறுவேன்.”

“இருக்கும்மா. நீங்க வாங்க.”

கடையில் இல்லை. வியாழக்கிழமை சென்னைக் கப்பலில் வரும் பெட்டியில் அது இருக்கும் என்ற கணக்கில் சொன்னார். புதன்கிழமை மாலை சென்னையிலிருந்து போன் வந்தது. பெட்டி கப்பலில் ஏறவில்லை, அடுத்த கப்பலில்தான் அனுப்ப முடியும் என்றார்கள். சொர்ணம்மாவின் எண் காதரின் போனிலேயே இருந்தது. கூப்பிட்டுச் சொல்லலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தார். வரட்டும், வந்தால் வேறு ஏதாவது வாங்குவாள் என்று போனைக் கீழே வைத்துவிட்டார்.

திக்லிபூர் பஸ் விடியுமுன் கிளம்பி, இரண்டு இடங்களில் பஸ்ஸோடு படகில் ஏறிக் கடலைத் தாண்டி, காட்டுப் பாதையில் மற்ற வண்டிகளோடு வரிசையில் காத்திருந்து, பொழுது சாயும்போது போர்ட் பிளேர் வரும். வியாழக்கிழமை முழுவதும் அதில் குலுங்கி வந்த சொர்ணம்மா, வெள்ளிக்கிழமை கடை திறக்கும்போதே வந்து நின்றாள். தேய்ந்த பழைய பிளேட்டைச் செய்தித்தாளில் சுற்றிக் கையில் வைத்திருந்தாள்.

“ஷிப் இன்னும் வரலம்மா,” என்றார் காதர், வாய்ப் பழக்கத்தில். “ரெண்டு நாள் பொறுங்க. டில்லருக்கு உழுற கத்தி புது செட் வந்திருக்கு, பாக்குறீங்களா?”

“எந்த ஷிப் பாய்?”

“மெட்ராஸ் ஷிப்தான்.”

சொர்ணம்மா பொட்டலத்தை மேசைமேல் வைத்தாள். “நான் ராத்திரி தங்கினது ஹார்பருக்கு மேல மரைன் ஹில்லுல, எங்க சித்தி மக வீட்டுல. காலைல வெளிய நின்னு பல்லு வெளக்கும்போதே அந்த ஷிப்பப் பாத்தேன். நேத்தே வந்து கட்டியாச்சு. பக்கத்து வீட்டு டீச்சரம்மா அதுலதான் வந்து எறங்கியிருக்காங்க. நீங்க சொல்லுங்க, எந்த ஷிப் வரல?”

ஸ்பிரேயர் வாஷர் வாங்க வந்திருந்த வங்காளிப் பெரியவர் ஒருவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. காதர் பாயின் கப்பல் தனிக் கப்பல் என்று இந்தியில் சொல்லிச் சிரித்தார். காதருக்குக் காது சூடேறியது. சொர்ணம்மா சிரிக்கவில்லை.

“நாத்துக்கு இன்னியோட இருபத்தெட்டு நாளு ஆச்சு. இன்னும் ஒரு வாரம் போனா முத்திப் போயிரும், நட்டும் பிரயோஜனம் இல்ல. மாயாபந்தர்ல ஒருத்தன் டில்லர் வாடகைக்குத் தர்றேன்னான். உங்க பேச்ச நம்பி அவன வேணாம்னுட்டு வந்தேன். இப்ப அவன் வேற ஆளுக்குக் குடுத்துட்டான்.” பொட்டலத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். “இல்லைங்கிறதும் ஒரு பதில்தான் பாய். அத வச்சு நாங்க அடுத்த வழியப் பாத்துக்குவோம்.”

அவள் படியிறங்கிப் போனாள். உள்ளே சாமான்களைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்த காதரின் மனைவி கரீமா வெளியே வந்தாள். புதன்கிழமை வந்த போனை அவளும் கேட்டிருந்தாள்.

“சுஹைலுக்காக நான் ஹார்பர்ல நின்னது ஞாபகம் இருக்கா?” என்றாள்.

சுஹைல் அவள் தம்பி. கார் நிகோபாரில் ஒரு கடையில் வேலை பார்த்தவன். சுனாமிக்குப் பிறகு கரீமா தினமும் ஹார்பருக்குப் போய் நிற்பாள். அங்கே பெயர்ப் பட்டியல் வைத்திருந்த ஒருவர், அடுத்த ஷிப்பில் வந்துவிடுவான் என்று ஆறு நாள் சொன்னார்.

“அவரு கெட்ட மனுஷன் இல்ல. இல்லன்னு சொல்ல அவருக்கு வாய் வரல, அவ்வளவுதான். ஏழாம் நாளு வேற ஒருத்தர் நெசத்தச் சொன்னாரு. அந்த ஆறு நாளும் நான் எங்கம்மா பக்கத்துல இருந்திருக்கணும். தனியா விட்டுட்டு ஹார்பர்ல நின்னுக்கிட்டிருந்தேன்.” சொர்ணம்மா போன திசையைப் பார்த்தாள். “அந்தம்மாவயும் நாம அப்படி நிக்க வச்சுட்டோம்.”

காதர் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார்.

மணிக்கூண்டுக்குப் பக்கத்தில், வேறொரு கடையிலிருந்து வெறுங்கையோடு வெளியே வந்துகொண்டிருந்தாள் சொர்ணம்மா. காதர் வழியை மறித்து நின்றார்.

“ஷிப் வந்துருச்சும்மா. என் பெட்டிதான் ஏறல. புதன்கிழமையே எனக்குத் தெரியும். உங்களுக்கு போன் பண்ணியிருக்கணும், பண்ணல.”

“இத ரெண்டு நாள் முன்னாடி சொல்லியிருந்தா நான் எங்க வீட்டுல இருந்திருப்பேன்,” என்றாள் சொர்ணம்மா.

“அந்த பிளேட் எங்க இருக்கும்னு எனக்குத் தெரியும். வாங்க.”

ஆட்டோ ஜங்லிகாட்டில் அந்தக் கண்ணாடிக் கதவின் முன் நின்றது. இரண்டு வருடமாகக் காதர் அந்தத் தெருவில் வந்தால் எதிர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறவர். உள்ளே போய்ப் பழைய பிளேட்டைக் காட்டினார். சிவப்பிரகாசம் பிளேட்டைப் பார்த்தார், காதரைப் பார்த்தார். உங்கள் கஸ்டமரை நீங்களே கூட்டிக்கொண்டு வந்தீர்களா என்று கேட்டார். ஆமாம், என்னிடம் இல்லை என்றார் காதர். அந்த வார்த்தையைச் சொல்லித் தீர்ந்ததும், இவ்வளவு நாள் அதற்கா பயந்தோம் என்று அவருக்கே வியப்பாக இருந்தது.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் புது பிளேட்டோடு சொர்ணம்மா ஊர் திரும்பினாள். நாற்று முத்துவதற்குள் ஐந்து பேரின் வயலும் உழுது நட்டாயிற்று என்று அடுத்த வாரம் போன் வந்தது. அதிகம் பேசவில்லை. நட்டாச்சு, சொல்லத்தான் கூப்பிட்டேன் என்று வைத்துவிட்டாள்.

அன்றே காதர் ஒரு கரும்பலகை வாங்கிக் கடை வாசலில் மாட்டினார். மேலே ‘இன்று இல்லாதவை’ என்று கரீமா எழுதினாள். கீழே தமிழிலும் இந்தியிலும் பட்டியல். ஒவ்வொன்றுக்கும் எதிரே, எந்தக் கப்பலில் எதிர்பார்க்கிறோம் என்ற தேதி. பெட்டி ஏறவில்லை என்று தெரிந்தால் அன்றைக்கே தேதியை அழித்து மாற்றினாள். கேட்டுவைத்தவர்களுக்குப் போனும் செய்தாள்.

ரவிக்குமார் வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். “தன்கிட்ட இல்லாதத எழுதி மாட்டுற கடைக்காரர இப்பத்தான் பாக்குறேன். கடைய மூடணும்னா வேற சுலபமான வழி இருக்கு பாய்.”

அவர் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருந்தது. முதல் இரண்டு வாரம் சிலர் பலகையைப் படித்துவிட்டு உள்ளே வராமலேயே போனார்கள். காதர் இரண்டு முறை பலகையைக் கழற்றக் கை வைத்தார். கரீமா விடவில்லை. பிறகு போன் வர ஆரம்பித்தது. ரங்கத்திலிருந்து, மாயாபந்தரிலிருந்து, வண்டூரிலிருந்து. வருவதற்கு முன் கேட்டுக்கொண்டார்கள். இருக்கிறது என்று காதர் சொன்னால் பஸ் கண்டக்டரிடம் பார்சல் கொடுத்துவிடச் சொன்னார்கள். தன்னிடம் இல்லாத பம்ப் வாஷர் தேடி வருகிறவர்களைச் சிவப்பிரகாசம் இங்கே அனுப்பினார்.

நவம்பரில் கேபிள் விளம்பரத்தைப் புதுப்பிப்பது பற்றிப் பேச ரவிக்குமார் வந்து உட்கார்ந்திருந்தபோது சொர்ணம்மாவின் போன் வந்தது. கதிரடிக்கும் மெஷினுக்கு பெல்ட் வேண்டும் என்றாள்.

“இல்லம்மா. வர மூணு வாரம் ஆகும். அவசரம்னா சிவப்பிரகாசம் கடையில கேட்டுச் சொல்றேன்.”

“அறுப்புக்கு இன்னும் ஒரு மாசம் இருக்கு பாய். மூணு வாரம்னா மூணு வாரம். ஒண்ணு வேணாம், நாலா வரவைங்க. இங்க இன்னும் மூணு குரூப்புக்கு வேணுமாம். கேட்டவங்களுக்கெல்லாம் உங்க நம்பரத்தான் குடுத்திருக்கேன்.”

காதர் எழுதிக்கொண்டு போனை வைத்தார். இல்லை என்று சொல்லி ஒருவர் நாலு ஆர்டர் வாங்குவதை இன்றுதான் பார்க்கிறேன் என்றார் ரவிக்குமார். பிறகு பேனாவைத் திறந்தார். “சரி, விளம்பரத்துல என்ன போடலாம்?”

“வர்றதுக்கு முன்னாடி போன் பண்ணுங்க, இல்லன்னா இல்லன்னு சொல்லுவோம். அத மட்டும் போடு ரவி.”

“அதப் பாத்தா ஆளு வருமா பாய்?”

“ஆள ஒரு தடவ வரவைக்க உன் விளம்பரம் போதும். அடுத்த தடவ வரவைக்கிறது நாம சொல்ற வார்த்த. ‘இல்லை’ன்னு சொல்லத் தெரியாத கடைக்காரன் ‘இருக்கு’ன்னு சொன்னா, அத யாரு நம்புவாங்க?”