ராணியின் கால்

ஷண்முகப்ரியா ஐஸ் பெட்டியோடு நொச்சிக்குப்பத்தில் வந்து இறங்கியபோது, ராணிக்கு இன்னும் அரை மணி நேரம்தான் ஆயுள் என்று ராணியைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மீன் விற்கும் தேசம்மாவின் கோழி அது. வயது ஆறு. தேசம்மாவின் மகள் அனுவுக்கு அன்று புதுநன்மை, மாதா கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். காலையில் பூசை முடிந்திருந்தது. மத்தியானம் வரும் சொந்தக்காரர்களுக்குக் கோழிக்குழம்பு. கால்கள் மட்டும் ஷண்முகப்ரியாவுக்கு என்று பேச்சு.

நாலு மாதமாகத் தவம் கிடந்த கால்கள்! தி. நகரில் அப்பாவின் புடவைக் கடையில் உட்காரச் சொன்னால் மாட்டேன் என்று அடம்பிடித்து, அடையாற்றில் ஓர் ஆய்வுக்கூடத்தில் கோழிக்காலின் தசைநாரை ஆராய்ந்துகொண்டிருக்கிறாள் மகராசி. அந்த நாரில் கொலாஜன் என்றொரு புரதம் இருக்கிறது. வயதாக ஆக அதன் இழைகள் ஒன்றோடொன்று பிணைந்து இறுகும். எவ்வளவு இறுகும் என்பதுதான் அவள் கேள்வி. ஆனால் கறிக்கடைக் கோழிக்கு ஆயுளே நாற்பது நாள்தான். எவன் கோழியை ஆறு வருஷம் விட்டுவைக்கிறான்? கிழட்டுக் கால் கிடைக்காமல் ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம் அந்தரத்தில் தொங்கியது. மாதக் கடைசியில் கெடு.

"வா பாப்பா, குந்து. உனுக்கோசரம்தான் காத்துக்கினு கீறோம்," என்றாள் தேசம்மா. "முட்ட வெச்சு ஒரு வர்சம் ஆச்சு. தின்னுட்டுத் தின்னுட்டுத் தூங்குது."

அவள் புருஷன் ஜான் கத்தியோடு போய்க் கோழி அடைக்கும் கூடையைத் தூக்கினான். ராணி இல்லை. சந்தெல்லாம் தேடினார்கள். கடைசியில் அனுதான், புதுநன்மையின் வெள்ளை கவுனோடு, கரையில் கிடந்த பழைய படகுக்கு அடியில் தவழ்ந்து போனாள்.

"எம்மா! இங்க கீதும்மா! பதினோரு முட்டம்மா!"

கிழிந்த வலைக்குள் ராணி மகாராணியாகவே உட்கார்ந்திருந்தாள். கடைசி முட்டை இன்னும் சூடாக இருந்தது.

"அடி மாதாவே! இத்தினி நாளா எங்க எல்லாரையும் ஏமாத்திக்கினு இருந்திருக்கு பாரேன்!" தேசம்மா மார்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். அனுவின் கவுன் முழுக்க மண். அவள் திட்டக்கூட இல்லை.

ஜான் கத்தியைக் கீழே வைத்தான். "முட்ட வெக்கிற கோழி மேல எங்க வூட்ல கத்தி வெக்க மாட்டோம். தப்பா நெனச்சுக்காத பாப்பா. வஞ்சரம் வறுக்குறோம், துன்னுட்டுப் போ."

ஷண்முகப்ரியா காலி ஐஸ் பெட்டியைக் கீழே இறக்கி வைத்தாள். நாலு மாதம் போச்சே! ஆனாலும் அவளுக்குத் தெரியும்: ஒவ்வொரு முட்டை ஓட்டுக்கும் கோழி தன் எலும்பிலிருந்தே சுண்ணாம்பை எடுத்துக் கொடுக்கிறது. ஆறு வயதில், யாருக்கும் தெரியாமல், பதினோரு முறை! இதையா கிழவி என்று எழுதப்போனோம் என்று நினைத்ததும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

செல்போன் அடித்தது. அவளுடைய பேராசிரியை.

"கால் கிடைச்சுதா ப்ரியா?"

"இல்ல மேடம். ராணி முட்டை போட்டுட்டா."

 "எத்தனை?"

"பதினொண்ணு மேடம்!"

இத்தனை பேர் கூடி நின்று சிரிப்பது பிடிக்காமலோ என்னவோ, ராணி வெளியே வந்து சிறகை உதறிப் படகின் விளிம்பில் ஏறினாள். ஷண்முகப்ரியா செல்போனைக் காதில் வைத்தபடியே கிட்டே போய்க் குனிந்தாள். ராணி உடம்பைத் தாழ்த்தினாள். கால் மடங்கியது. மடங்கியதும் உள்ளே நார் இழுபட்டு, விரல்கள் தாமாகவே ஒவ்வொன்றாக மரத்தைப் பற்றின. மூன்று வருஷமாக அந்த நாரை அவள் கண்ணாடிக் குழாயில்தான் பார்த்திருக்கிறாள். கடற்காற்று ஓங்கி அடித்தது. இறகெல்லாம் சிலிர்த்துக்கொண்டது, பிடி மட்டும் தளரவில்லை.